காத்திருக்கப் பழகியது காட்டில்

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மூன்று நொடி சும்மா நிற்பது வகுப்பறையில் எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியராக இருப்பவர்களுக்குத் தெரியும். முப்பத்தெட்டு முகங்கள் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த அமைதி தாங்காமல் நாமே பதிலைச் சொல்லிவிடுவோம். முதல் வருடம் முழுக்க நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இத்தனைக்கும் ஒரு மீன்கொத்தி மீனைப் பிடிப்பதைப் பார்க்க ஓடைக்கரையில் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும் ஒரே பழக்கம்தான் என்று புரிய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இப்போது இரண்டாவது கல்வியாண்டு நடக்கிறது. ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். அதற்கு முன் நான்கு வருடம் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். மண்ணைக் காயவைத்துச் சலிப்பது, நீரில் கலக்கி அமிலத்தன்மை பார்ப்பது, வந்த எண்ணைக் குறித்து வைப்பது. வேலை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த மண் எந்த வயலிலிருந்து வந்தது, அங்கே என்ன விளைகிறது, எதுவும் தெரியாது. பையின் மேல் ஒட்டியிருக்கும் எண்தான் தெரியும். அதனாலோ என்னவோ, விடுமுறை வந்தால் ஒரு நடைக்குழுவோடு மலைப்பக்கம் கிளம்பிவிடுவேன்.

அந்தக் குழுவில் மாதம் ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போவார்கள். கூட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். நடுவழியில் தூறல் பிடித்தது. பத்து வயதிருக்கும் ஒரு பெண், "அக்கா, மழை பெய்தா மண்ணு ஏன் மணக்குது?" என்று கேட்டாள். நான்கு வருடமாக மண்ணோடு இருந்தவளிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. ஒரு கை மண்ணை அள்ளி அவள் மூக்கருகே பிடித்துக்கொண்டு சொன்னேன். மண்ணில் ஆக்டினோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை ஜியோஸ்மின் என்று ஒரு பொருளை உண்டாக்குகின்றன. அது துளியளவு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். மழைத்துளி மண்ணில் விழும்போது அங்கே சிக்கிய காற்று குமிழ் குமிழாக ஏறித் துளியின் மேற்பரப்பில் உடைகிறது. அப்போது தெறிக்கும் நுண்ணிய திவலைகளோடு வாசனையும் காற்றில் கலக்கிறது. அவள் தானும் ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு, "அப்ப இது கிருமியோட வாசமா?" என்றாள். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் ஓடியது. இனி எண் எழுதிய பைகளுக்கு நடுவில் நாளைக் கழிக்க முடியாது என்று அன்றே தெரிந்துவிட்டது.

ஆனால் உடனே வேலையை விடவில்லை. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். விடுமுறை நாளில் ஆசையோடு நடக்க வந்த பன்னிரண்டு பிள்ளைகள் வேறு. மதியச் சாப்பாடு முடிந்து முதல் பாடவேளையில் கண் சொக்க உட்கார்ந்திருக்கும் முப்பத்தெட்டுப் பேர் வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும். தெரிந்த ஒரு ஆசிரியர் மூலம் முறையாக அனுமதி கேட்டு, இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலை மணி அடித்ததிலிருந்து மாலை வரை வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் முடிவில் அந்த ஆசிரியர் முகத்தில் இருந்த களைப்பையும் பார்த்தேன், நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனதையும் பார்த்தேன். அப்புறமும் ஆசை குறையவில்லை. பிறகுதான் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கற்பித்தல் கோட்பாடுகள் பின்னால் உதவின, மறுக்க மாட்டேன். ஆனால் எனக்கு உண்மையான பயிற்சி, பள்ளிக்குப் போய் வகுப்பு எடுத்த அந்தச் சில வாரங்கள்தான். அப்போது நல்ல வகுப்பாகக் கேட்டு வாங்காதீர்கள். கடைசிப் பாடவேளையைக் கேளுங்கள். தப்பு செய்தால் பக்கத்தில் திருத்த ஆள் இருக்கும் காலம் அது ஒன்றுதான்.

வேலை கிடைத்தது. முதல் நான்கு மாதம் நான் ஒரு முறைகூட நடக்கப் போகவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் புதிதாகப் படம், புதிதாகச் செய்முறை, புதிதாகக் கேள்வித்தாள் என்று இரவு பன்னிரண்டு வரை உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நோட்டுத் திருத்தம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. பிள்ளைகள் மேல் எரிச்சல் வர ஆரம்பித்தது. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. எங்கள் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் கணக்கு எடுக்கும் ஒரு ஆசிரியர் இருக்கிறார். ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "முதல் வருஷம் எல்லாத்தையும் புதுசா பண்ணாதீங்கம்மா. வாரத்துக்கு ஒரே ஒரு வகுப்பை நல்லா யோசிச்சுப் பண்ணுங்க. மத்ததுக்குப் புத்தகத்துல இருக்கறது போதும். பத்து வருஷத்துல உங்ககிட்ட எவ்வளவு சேர்ந்திருக்கும்னு பாருங்க" என்றார். முதல் வருடத்தில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அந்த வார ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை நடக்கப் போனேன். முழு நாள் வேண்டும் என்று காத்திருந்தால் கிடைக்காது. இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதை இன்றுவரை விடவில்லை. தேர்வு நேரத்திலும் விடவில்லை. திருத்தாத நோட்டு எட்டு மணிக்கு மேலும் அங்கேயேதான் இருக்கும்.

சரி, பிள்ளைகளையும் வெளியே கூட்டிப் போவோம் என்று ஒரு நாள் கிளம்பினேன். 'நம்மைச் சுற்றியுள்ள உயிரினங்கள்' பாடம். மைதானத்துக்குப் போய், "சுத்திப் பாருங்க, என்னென்ன உயிரினம் இருக்குன்னு எழுதுங்க" என்று சொன்னேன். அவ்வளவுதான். பாதிப் பேர் ஓடினார்கள். சுவர் இல்லாத இடத்தில் குரல் போன திசை தெரியாமல் போய்விடுகிறது. நான் கூப்பிட்டது பத்தடி தாண்டவில்லை. என்னைப் பார்த்து நின்றவர்களுக்கு நேர் எதிரே வெயில், கண்ணைச் சுருக்கிக்கொண்டே நின்றார்கள். இரண்டு பையன்கள் வாசல் கேட் வரை போய்விட்டார்கள். நாற்பது நிமிட வகுப்பில் பதினைந்து நிமிடம் போகவும் வரவுமே சரியாகிவிட்டது. திரும்பி வந்து நோட்டைப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் எழுதியிருந்தது 'மரம், காக்கா, எறும்பு'. இதை அறையிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கலாம்.

தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். "என்ன கேள்வியை எடுத்துக்கிட்டு வெளியே போனீங்க?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் கேள்வி எதுவும் இருக்கவில்லை.

அன்று இரவு யோசித்தபோது ஒன்று உறைத்தது. மலைக்குப் போவதாக இருந்தால் நான் இப்படியா போவேன்? தூரம் என்ன, ஏற்றம் எவ்வளவு, தண்ணீர் எங்கே, எத்தனை மணிக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று எல்லாம் கணக்குப் போட்டுத்தான் காலை எடுத்து வைப்பேன். 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு ஒன்று நடப்பவர்களிடையே இன்றும் புழங்குகிறது. மெட்ரிக் அளவில் சொன்னால், சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். குழுவில் பழக்கமில்லாதவர்கள் இருந்தால் அதற்கு மேலும் கூட்டிக்கொள்வோம். மைதானத்துக்கு மட்டும் ஏன் எந்தக் கணக்கும் இல்லாமல் போனேன்?

அதற்குப் பிறகு செய்ததை விவரமாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். முந்தின நாள், வகுப்பு நடக்கப்போகும் அதே நேரத்துக்கு, தனியாகப் போய் அந்த இடத்தில் நிற்பேன். நிழல் எங்கே விழுகிறது, தரை ஈரமா, மரத்தில் குளவிக் கூடு இருக்கிறதா, எறும்புச் சாரி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். நான் ஒரு நிமிடத்தில் நடக்கும் தூரத்துக்கு முப்பத்தெட்டுப் பேர் வரிசைக்கு நான்கு நிமிடம் வேண்டும். ஆகவே நாற்பது நிமிடத்தை இப்படிப் பிரித்தேன்: போக ஐந்து, அங்கே இருபது, திரும்ப ஐந்து, அறைக்குள் உட்கார்ந்து எழுதப் பத்து. அந்தக் கடைசிப் பத்தை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. வெளியே பார்த்தது அங்கேதான் பாடமாகிறது.

நிற்கும்போது வெயில் என் முகத்தில் படட்டும், அவர்கள் முதுகில் படட்டும். கூப்பிடக் கத்துவதில்லை. கையை உயர்த்தி மூன்று தட்டு. தட்டியதும் எல்லோரும் வந்து வட்டமாக நிற்க வேண்டும். இதை ஒரு வாரம் அறைக்குள்ளேயே பழக்கினேன். எல்லையைக் கயிறு கட்டியோ இரண்டு மரங்களைக் காட்டியோ முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒரு ஜோடி, ஜோடி எங்கே என்று எப்போது கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். கிளம்பும்போது ஒரு எண்ணிக்கை, போய்ச் சேர்ந்ததும் ஒன்று, திரும்பியதும் ஒன்று. பையில் தண்ணீர், முதலுதவிப் பெட்டி, விசில். யாருக்கு ஆஸ்துமா, யாருக்குத் தேனீ கொட்டினால் ஒவ்வாமை என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் எழுதி வாங்கிவிடுகிறேன். அதைக் கேட்காமல் முதல் தடவை போனதை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

இடிக்கு ஒரு தனி விதி. மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 நொடி எடுக்கும். உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக்கூடாது. மரத்தடி ஒதுங்க இடமே இல்லை. பள்ளியில் நான் அந்த 30 நொடிகூட எண்ணுவதில்லை. இடி காதில் விழுந்தால் வகுப்பு உள்ளேதான்.

இப்போது தலைமை ஆசிரியர் கேட்ட அந்தக் கேள்விக்கு வருகிறேன். கட்டடத்தின் பின்பக்கம், கூரை விளிம்புக்கு உள்ளே, மழை படாத இடத்தில் பொடி மண்ணில் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதை முந்தின நாள் பார்த்து வைத்திருந்தேன். புனலைக் கவிழ்க்காமல் வைத்த மாதிரி, விரல் அகலக் குழிகள். குழிநரி என்பார்கள், குழியானை என்றும் சொல்வார்கள். அடியில் மண்ணுக்குள் மறைந்து ஒரு புழு உட்கார்ந்திருக்கும், கொடுக்கு போன்ற இரண்டு தாடைகளோடு. பின்னாலேயே நகர்ந்து வட்டம் வட்டமாக மண்ணைத் தலையால் வீசி எறிந்து அந்தக் குழியைத் தோண்டுகிறது. எறும்பு விழுந்தால் அதன் மேலும் மண்ணை வீசும். சரிவு இன்னும் சரிந்து எறும்பு கீழே வந்துவிடும்.

ஒரு குழிக்கு நான்கு பேர் என்று உட்கார வைத்தேன். ஒரே ஒரு கேள்வி: "எறும்பு ஏன் ஏறி வெளியே வர முடியல?" கேட்டதும் இரண்டு மூன்று பேர், "அது இழுத்துடும் டீச்சர்" என்றார்கள். எப்போதும் போல 'ஆமா, அதோட...' என்று தொடங்க வாய் போனது. வயிறு தரையில் படக் குப்புறப் படுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். ஓடைக்கரை ஞாபகம் வந்தது. நானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசாமல் இருந்தேன்.

ஒரு எறும்பு விழுந்தது, ஏறியது, சரிந்தது, மறுபடி ஏறியது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கடைசியில் இருந்த ஒரு பெண் குழியைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பக்கத்து மண்ணைக் கையில் அள்ளி மெல்ல ஒழுகவிட்டுக்கொண்டிருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மண் சிறு குவியலாக ஏறியது. கொஞ்சம் ஏறியதும் பக்கவாட்டில் சரிந்து மறுபடி அதே வடிவத்துக்கு வந்தது. அவள் தலையைத் தரையோடு சாய்த்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், குவியலோட சரிவும் குழியோட சரிவும் ஒண்ணா இருக்கு" என்றாள்.

எனக்கு உடல் சிலிர்த்தது. அவள் சொன்னது சரி. காய்ந்த மணல் எவ்வளவு செங்குத்தாக நிற்க முடியுமோ அதற்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் சரிந்துவிடும். குழிநரி தோண்டும் குழி அந்த வரம்பை ஒட்டியே இருக்கிறது. அதனால்தான் எறும்பின் கால் பட்டாலே மண் நகர்கிறது. அறைக்கு வந்து தட்டில் காய்ந்த மணலைக் கொட்டி, கோணமானி வைத்து அளந்தார்கள். 30-க்கும் 35-க்கும் நடுவில் வந்தது. பாடப்புத்தகத்தில் உயிரினம் ஒரு பாடம், உராய்வு இன்னொரு பாடம். அன்று இரண்டும் ஒரே குழிக்குள் கிடந்தன.

பின்னால் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளரின் வேலை கண்ணில் பட்டது. அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டிருக்கிறார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் தாங்களே பேசினார்கள், அல்லது வேறொருவரைக் கேட்டார்கள். 3 நொடியோ அதற்கு மேலோ காத்திருக்கப் பழக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்பதும் கூடியது. பிள்ளை சொல்லி முடித்த பிறகும் அதே மூன்று நொடி பொறுப்பது இன்னும் பலன் தந்தது என்கிறார். இது எனக்குப் புதிது. ஒருவன் சொல்லி முடித்ததும் 'வெரி குட்' என்று அடைத்துவிடாமல் சும்மா இருந்து பாருங்கள். பெரும்பாலும் அவனே 'ஏன்னா...' என்று தொடர்வான்.

வெளியே பழகியதால் எனக்கு இது வசப்பட்டது. பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பறவை பறந்துவிடும் என்று தெரியும். அறைக்குள் மனதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன். முதல் வாரம் அந்த மூன்று நொடி மூன்று நிமிடம் போல இருந்தது. பிள்ளைகளும் திகைத்தார்கள். "இப்ப கை தூக்க வேண்டாம், யோசிங்க" என்று முன்னாலேயே சொல்லிவிட்ட பிறகு அவர்களும் பழகிக்கொண்டார்கள்.

மாதம் இரண்டு முறைதான் வெளியே போகிறோம். எல்லாப் பாடத்தையும் வெளியே எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மின்சுற்றுப் பாடத்துக்கு மேசைதான் நல்லது. நன்றாக வந்தவற்றில் ஒன்று நிழல் அளப்பது. ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, பதினொன்றிலிருந்து ஒன்று வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டு பேராகப் போய் நிழல் நுனியில் கல் வைத்துவிட்டு வருவார்கள். மிகக் குட்டையான நிழல் பன்னிரண்டு மணிக்கு விழவில்லை. 'கடிகாரம் தப்பா, சூரியன் தப்பா' என்று பெரிய சண்டை. கடிகாரம் ஒரு பெரிய நிலப்பரப்புக்கே பொதுவான நேரத்தைக் காட்டுகிறது. போதாததற்குப் பூமியின் அச்சுச் சாய்வாலும் நீள்வட்டப் பாதையாலும் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஆண்டுக்குள் சுமார் கால் மணி நேரம்வரை முந்தியும் பிந்தியும் போகும். இன்னொன்று கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து செய்வது: தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து, பை (π) மதிப்பால் வகுத்து விட்டம் கண்டுபிடிப்பது. ஒவ்வொரு ஆண்டும் அதே மரத்தை அடுத்த வகுப்பு அளக்கும்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா, "வெளியிலயே சுத்தினா படிப்பு என்ன ஆகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளைகளின் நோட்டைக் காட்டினேன். கூடவே கண்ணைப் பற்றிய ஒரு ஆய்வையும் சொன்னேன். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருக்க வைத்தார்கள். மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், வழக்கம்போல இருந்தவற்றில் 39.5 சதவீதம். 2015-ல் வெளியான முடிவு அது. எங்கள் மாதம் இரு வகுப்பு அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது, அதையும் சொன்னேன். "அப்ப சாயங்காலம் நாங்களும் வெளியே விடணுமா?" என்று கேட்டார். விடுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நடைக்கு மட்டும் நான் நோட்டு எடுத்துப் போவதில்லை. பார்க்கும் ஒவ்வொன்றையும் 'இதை எந்தப் பாடத்தில் வைக்கலாம்' என்று யோசிக்க ஆரம்பித்தால், அதுவும் வேலையாகிவிடும். ஆசிரியர் வேலை அப்படித்தான், இடம் கொடுத்தால் எல்லா நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு மணி நேரம் எனக்கே எனக்கு. போன வாரமும் அதே ஓடைக்கரையில்தான் இருந்தேன். மீன்கொத்தி வரவில்லை.

கட்டடத்தின் பின்பக்கம் இப்போது பதினொரு குழிகள் இருக்கின்றன. தினமும் காலையில் யாராவது எண்ணிவிட்டு வந்து பலகையின் ஓரத்தில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் புழு ஒரு நாள் மணலையும் தன் பட்டையும் சேர்த்து உருண்டையாகக் கூடு கட்டி, உள்ளிருந்து தும்பி போலச் சிறகோடு வெளியே வரும் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று எண்ணிக்கை பத்து. "ஒண்ணு கூடு கட்டப் போயிருக்குமா டீச்சர்?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. இன்று காலை மறுபடி பதினொன்று.